பவளத்தைக் காவல் காத்த தராசு சார்

சந்தேகப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால், பல்லாவரம் முதல் வண்டலூர் வரை தராசு சாரை மிஞ்ச ஆள் கிடையாது. பரிசை வாங்கிக்கொண்டு, ‘இதை எனக்கு எதுக்குக் குடுக்கிறாங்க?’ என்று நடுவர்களையும் ஒரு பார்வை பார்த்திருப்பார்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்த சிறிய ஆராய்ச்சி நிலையத்தில் நான் கிளார்க். சார் பவளத் தொட்டிக்குப் பொறுப்பு; ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கத் தொட்டி அறையிலேயே இருப்பார். ராமநாதபுரம் கடலிலிருந்து முறையான அனுமதியோடு வந்த பத்துப் பவளத் துண்டுகள் அதில் வளர்ந்தன. வளர்ந்தன என்பது மரியாதைக்குச் சொல்வது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு துண்டையும் நூலில் கட்டி, தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டு எடை பார்ப்பார். அதனால்தான் அந்தப் பெயர். மாதக் கணக்கில் எடை நின்ற இடத்திலேயே நின்றது.

பவளம் கல் இல்லை, உயிர். கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும். உப்பு குறைந்தால் சுணங்கும், சூடு ஏறினால் வெளுக்கும், வெளிச்சம் போதாவிட்டால் வாடும், தண்ணீரில் அமிலம் ஏறினால் கட்டட வேலையை நிறுத்திவிடும். சுருக்கமாகச் சொன்னால், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை.

ஒருநாள் டைரக்டர் வந்து, “பொங்கலுக்குள்ள எடை ஏறலைன்னா தொட்டியை மூடிடலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். சார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு முடிவோடு வந்தார். யாரோ வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்.

முதலில் மாட்டியவர், கோவளத்திலிருந்து கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவரும் மீனவர் ஏழுமலை. சார் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“முட்டுக்காடு முகத்துவாரத்துல மொண்டியா? உப்பு கம்மியா இருக்கே.”

“இன்னா சார் பேஜாரு பண்ற! போட்டுல உள்ள போய் மொண்டுகினு வரேன். உன் நாக்குலதான் கோளாறு கீது, டாக்டராண்ட காட்டு.”

அடுத்தது, பெருக்க வரும் மேரி அக்கா. தினமும் அவருடைய வாளியை சார் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். மூன்றாவது நான். “மிஸ்டர், கையைக் காட்டுங்க” என்பார். தலையில் தடவிய எண்ணெயைத் தொட்டியில் கலக்கிறேனாம்!

கடைசியில், சந்தேகத்துக்குரியவர்கள் கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று என் மேசையைத் தொட்டி அறைக்குள் போட்டார். மேரி அக்கா சும்மா இருக்கும் நேரமெல்லாம் அங்கேதான் உட்கார வேண்டும். சாத்தியிருந்த ஜன்னல் இடுக்குகளிலும் பேப்பர் ஒட்டி, ஏ.சி.யைப் போட்டு, தயிர்சாதத்தையும் அங்கேயே சாப்பிட்டுக் காவல் காத்தார். எடை ஏறவில்லை.

அந்த வருஷம் ஊரையே முடக்கிய சிக்குன்குனியா சாரையும் படுக்கப் போட்டது. மூன்று வாரம். முதல் நாளே மேரி அக்கா, “உள்ள பூந்தாலே மூச்சு முட்டுது” என்று பேப்பரைக் கிழித்து இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டார். மழைக்காலக் குளிரில் ஏ.சி. தேவைப்படவில்லை. தண்ணீரின் அமில அளவை மட்டும், சார் செய்வதுபோலவே, தினமும் மீட்டரில் பார்த்துக் குறித்துவிட்டு, நான் ஹாலில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

நொண்டிக்கொண்டே திரும்பி வந்தவர் எடை பார்த்தார். பத்துத் துண்டும் ஏறியிருந்தன. சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்?

“தராசை யார் தொட்டது? துண்டையே மாத்திட்டீங்களா?”

மூன்று முறை எடை போட்டார். பழைய போட்டோக்களோடு ஒப்பிட்டார். பிறகு என் நோட்டைப் புரட்டினார்.

“நான் படுத்த நாள்லேர்ந்து தண்ணி நல்லா இருக்கே. எப்படி?”

“நீ இல்லாததாலதான் சார்” என்றார் மேரி அக்கா, பெருக்குவதை நிறுத்தாமல்.

சார் கோபப்படவில்லை. எங்களை வெளியே அனுப்பி, ஜன்னலைச் சாத்தி, மீட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்.

“ஆள் மாட்டிக்கிட்டான்.”

“யாரு சார்?”

“நான்தான். என் மூச்சு.”

அடைத்த அறையில் நாள் முழுக்க விட்ட மூச்சுக்காற்று தண்ணீரில் கரைந்து, சோடா மாதிரி அதை லேசாக அமிலமாக்கியிருந்தது. அதில் பவளத்தால் கூடு கட்ட முடியவில்லை.

“நாங்களும்தானே சார் மூச்சு விட்டோம்?”

“உங்களை உள்ளே உட்கார வெச்சது யாரு?” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அவர் நாற்காலி வராந்தாவுக்கு வந்தது. யாரையும் தொடவிடாத அந்த நூலையும் அறைச் சாவியையும் என் கையில் கொடுத்தார். “ரெண்டே நிமிஷம், மிஸ்டர். எடை பார்த்துட்டு வந்துடுங்க.”

பொங்கலுக்கு முன்னால் டைரக்டர் நாலு பெரிய மனிதர்களோடு வந்தார். சார் வாசலை மறித்தார். “ஒவ்வொருத்தரா போங்க. பெருமூச்சு விடக்கூடாது.” முறைத்துக்கொண்டே உள்ளே போன டைரக்டர், எடைக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். தொட்டி பிழைத்தது.

நான் வேலையை விடும்வரை சார் உள்ளே போகவில்லை. சித்திரை வெயிலிலும் வராந்தாவில் உட்கார்ந்து, கதவுக் கண்ணாடி வழியாகப் பவளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “உண்மையைச் சொல்லுங்க மிஸ்டர், உள்ளே கொட்டாவி விட்டீங்களா?” என்பார்.

இப்போது நாவலூரில் ஒரு பெரிய ஆபீஸில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கொட்டாவி விடுகிறேன். ஏன் விட்டாய் என்று அவர் வந்து ஒரு தடவை கேட்டால் நன்றாக இருக்கும்.