நானே அண்ணையும் ஹாண்ட் பிரேக்கும்

உலகத்தில் எந்த ரேஸ் காரை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பட்டாளம் நிற்கும். ரயர் மாற்ற நாலு பேர், பெற்றோல் அடிக்க ரெண்டு பேர், நேரம் பார்க்க ஒருவர், ஓட்டுகிறவருக்குக் குடை பிடிக்க ஒருவர். எங்கள் கரம்பொன் ஊர் நானே அண்ணையின் ரேஸ் காருக்குப் பின்னால் ஒரு கோழிகூட நின்றதில்லை. நின்றிருந்தால், "நீர் தள்ளி நில்லும், நான் பாக்கிறன்" என்று அதையும் அனுப்பியிருப்பார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு வேறு. யார் எந்த உதவி செய்ய வந்தாலும் "வேண்டாம், நானே செய்வன்" என்பார். அதனால் ஊர் அவரை நானே அண்ணை ஆக்கிவிட்டது. ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதுதான் தொழில். அவரிடம் வட்ட முகம் வைத்த பழைய இங்கிலீஷ் கார் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளை ஏற்றிய கார். அதைத்தான் அவர் ரேஸ் கார் ஆக்கினார். அதன் கதவில் வெள்ளைப் பெயின்ற்றால் இப்படி எழுதியிருந்தது:

ஓட்டுபவர்: நான்
மெக்கானிக்: நான்
ரயர்: நான்
பெற்றோல்: நான்

பிள்ளைகளே, இதை வாசித்துவிட்டு அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைக்கக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் ரேஸுக்கு அவர் நாலு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். சில்லின் நட்டை இறுக்கியது மற்றவன் என்று நாலு பேரும் நினைத்தார்கள். ஒருவனும் இறுக்கவில்லை. கார் பறக்கும்போது இடது பக்கத்துச் சில்லு கழன்று, அவரை முந்திக்கொண்டு போனது. தன் காரின் சில்லு தனக்கு முன்னால் தனியாக ஓடியதைப் பார்த்த மனிதர் அவர். அண்டைக்கே முடிவெடுத்துவிட்டார், இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று.

அதற்குப் பிறகு தனியாளாக நாலு ரேஸ் ஓடினார். ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்றில் பெற்றோல் தீர்ந்தது. இன்னொன்றில் ரயர் காற்றுப் போனது. அவர் இறங்கி, காரைத் தூக்க ஜக் வைத்து, சில்லு மாற்றி, கையைத் துடைத்துவிட்டு ஏறுவதற்குள் மற்றவர்கள் பரிசு வாங்கி, படம் எடுத்து, வீட்டுக்கும் போய்விட்டார்கள். முடிவுக்கோட்டை ஒரே ஒரு முறைதான் தாண்டியிருக்கிறார். அதுவும் நடந்து, ரேடியேற்றருக்குத் தண்ணீர் எடுக்க. ஒரு ரேஸையாவது காரில் இருந்தபடி முடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அவர் தனியாக வேலை செய்வதைப் பார்க்கவே சனம் வரும். பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே கிடந்து நட்டைத் திறந்து மூட வேண்டும். நானே அண்ணை சீற்றுக்கும் பிரேக்குக்கும் இடையில் அளவாக ஒரு பனஞ்சலாகை வெட்டி வைத்திருந்தார். ஏறி மிதிப்பார், சலாகையை முட்டுக் கொடுப்பார், இறங்குவார், காருக்குக் கீழே புகுவார், திறப்பார், மூடுவார், வெளியே வருவார், மறுபடி ஏறுவார். ஒரு சில்லுக்கு நாற்பது தரம்.

அவருடைய மனைவி கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நான் வந்து அதை ஒருக்கா மிதிச்சுப் பிடிக்கட்டே?"

"வேண்டாம். நீர் மிதிச்சா மெக்கானிக் லிஸ்டிலை உம்மடை பேரையும் எழுத வேணும்."

"அப்ப சோத்தையும் நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ. சமையல் லிஸ்டிலை உங்கடை பேரை எழுதிறன்."

அண்டைக்கு அண்ணை தானே போட்டுத்தான் சாப்பிட்டார். கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்ல வாய் திறந்து, மூடியதாகக் கேள்வி.

அடுத்து அவர் பேர் கொடுத்தது மலைநாட்டில் நடக்கிற ரேஸுக்கு. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள். பழைய கார்களுக்குத் தனிப் பிரிவு.

இங்கேதான் சிக்கல். எங்கள் தீவுகளில் மலை கிடையாது. ஒரு மேடுகூடக் கிடையாது. எங்கள் ஊரில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு வாகனம் ஏற்றிப் போகிற மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அந்தப் பாதையிலிருந்து கரைக்கு ஏறுகிற பத்தடிச் சரிவுதான் அது. நானே அண்ணை அங்கே மலையேறப் பழகினார். பாதையின் கடல்பக்கத்து முனையில் போய் நின்று, ஒரே உறுமலில் ஓடிவந்து, சரிவில் ஏறி மேலே வருவார். பிறகு இறங்கிப் போய் மறுபடி ஏறுவார்.

பாதைக்காரர் கத்துவார். "அண்ணை, அக்கரைக்குப் போறியளோ இல்லையோ? சனம் காத்து நிக்குது!"

"பொறும், இன்னும் ரெண்டு மலை இருக்கு!"

காரின் பாரத்தையும் குறைத்தார். பின் சீற்றைக் கழற்றினார். சிகரெட் சாம்பல் தட்டுகிற பெட்டியைக் கழற்றினார். கடைசியாக ஹாண்ட் பிரேக்கைப் பார்த்தார். பிள்ளைகளே, காரைச் சரிவில் நிறுத்தினால் உருளாமல் பிடிக்கிறதுதான் ஹாண்ட் பிரேக். எங்கள் ஊரில் காரை விட்டுவிட்டுக் கலியாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தாலும் அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

"நானும் முப்பது வருசமாக் கார் ஓடுறன், இதை ஒருநாளும் இழுத்ததில்லை. சும்மா பாரம்," என்று அதையும் கழற்றிவிட்டார்.

மலைநாட்டுக்குக் காரை ஏற்றிக்கொண்டு போனது நான்தான். நான் அல்லைப்பிட்டிப் பக்கத்திலிருந்து கருவாடு ஏற்றுகிற லொறிக்காரன். கயிறு கட்டப் போனேன், விடவில்லை.

"நீர் லொறியைப் பாரும். கார் நான்."

அவர் சீலையால் மூடித்தான் ஏற்றினார். ஆனாலும் கருவாட்டு லொறியில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்ற காருக்கு வேறு என்ன மணம் வரும்? மலையில் இறக்கின உடனே நாலு நாய்கள் வந்து அதைச் சுற்றிப் படுத்துவிட்டன. நானே அண்ணைக்கு முதன்முதலாக ஓர் உதவிக் குழு கிடைத்தது.

ஆரம்பக் கோடே நல்ல ஏற்றத்தில் இருந்தது. பச்சை விளக்கு எரியும்வரை கார் கோட்டை விட்டு அசையக் கூடாது. அண்ணை ஒரு காலால் கிளச்சை அமத்தினார், மற்றக் காலால் பிரேக்கை அமத்தினார். அக்சிலேற்றரை மிதிக்கக் கால் இல்லை. எல்லாவற்றையும் தானே செய்த மனிதருக்கு அண்டைக்கு ஒரு கால் குறைந்து போனது.

பச்சை எரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்பக்கமாகப் புறப்பட்டது.

பின்னால் நின்ற காரின் ஆட்கள், ஒரே நிறச் சட்டை போட்ட அஞ்சு பேர், ஓடிவந்து கையால் பிடித்தார்கள். அண்ணை உருண்டுகொண்டே ஜன்னலால் தலையை நீட்டி, "தொடாதேங்கோ! காரைத் தொடாதேங்கோ!" என்று கத்தினார்.

ரேஸ் அதிகாரி வந்தார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும்.

"ஹாண்ட் பிரேக் எங்க?"

"மெக்கானிக் கழட்டிப்போட்டான்," என்றார் அண்ணை, யாரோ ஒருவனைக் குறை சொல்வதுபோல.

"மெக்கானிக் எங்க?"

அண்ணை கதவைக் காட்டினார். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் நாலு வரியையும் வாசித்துச் சொன்னார். அதிகாரி அண்ணையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சான்ஸ் மட்டும். பின் சில்லுக்கு ஒரு ஆள் கட்டை வைக்கணும். ஆள் இல்ல, ரேஸ் இல்ல."

நான் லொறிக்குள் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தேன். காரைச் சமதரையில் விட்டுவிட்டு நானே அண்ணை வந்து நின்றார். கொஞ்ச நேரம் தேயிலையைப் பார்த்தார். பிறகு கேட்டார், "உம்மடை லொறியிலை சில்லுக்கு வைக்கிற கட்டை இருக்கோ?"

"இருக்கு அண்ணை."

"தாரும்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நாலடி போனார். நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"நீரும் வாரும்."

பாணை வைத்துவிட்டு ஓடினேன். காரைக் கோட்டில் நிறுத்தினார். நான் பின் சில்லுக்குக் கட்டையை வைத்தேன். ஜன்னலால் விசாரணை தொடங்கியது.

"வைச்சிட்டீரோ?"

"வைச்சிட்டன் அண்ணை."

"இறுக்கமோ?"

"இறுக்கம்."

"கையாலை ஆட்டிப் பாத்தீரோ?"

"பாத்தனான்."

"நல்லாப் பாத்தீரோ?"

"அண்ணை, பதினைஞ்சு வருசமா லொறி ஓடுறன்!"

அவருடைய கை கதவுப் பிடிக்குப் போனது. இறங்கி வந்து தானே ஒருமுறை பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். கை அந்தப் பிடியில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு திரும்பி ஸ்ரேறிங்குக்குப் போனது. அவர் இறங்கவில்லை.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் கட்டையில் சாய்ந்து, அசையாமல் நின்றது. பச்சை எரிந்தது. கார் போனது. கருவாட்டு மணமும், பெற்றோல் புகையும், நாலு நாய்களும் பின்னால் போயின.

நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன். மேலே வளைவுக்கு வளைவு உறுமல் கேட்டது. கொஞ்சம் முக்கியது. கொஞ்சம் இருமியது. பிறகு சத்தமே இல்லை. நின்றுபோச்சு என்று நினைத்தேன். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்க, அண்ணை குறுக்குப் பாதையால் நடந்து வந்தார்.

"எதிலை நிண்டது அண்ணை?"

"நிக்கேல்லை. கோட்டைத் தாண்டிப்போட்டன். தாண்டினாப் பிறகுதான் எஞ்சினை நிப்பாட்டினனான்."

அவர் முகத்தை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. நேரம் பார்த்தால் அவர்தான் கடைசி. கொழுந்து ஏற்றுகிற உழவு மெசின்கூட அவரை முந்தியிருக்கும். ஆனால் முடித்துவிட்டார். ரெண்டு பேரும் கைகொடுத்துச் சிரித்தோம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணை, கார் எங்கை?"

"மேலை."

"மேலையும் ஏற்றந்தானே. அப்ப ஹாண்ட் பிரேக்?"

சிரிப்பு நின்றது. நான் கட்டையோடும் அவர் வெறுங்கையோடும் ஓடினோம். மேலே போய்ப் பார்த்தால், தங்கள் காரோடு முன்னரே மேலே வந்திருந்த அந்த அஞ்சு சட்டைக்காரரும் அதை விட்டுவிட்டு, அண்ணையின் காருக்கு முதுகைக் கொடுத்து முக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நாய்கள் பக்கத்தில் இருந்து பார்க்கின்றன.

நானே அண்ணை தூரத்திலிருந்தே கத்தினார். "விடாதேங்கோ தம்பியவை! அப்பிடியே பிடியுங்கோ! கட்டை வருது!"

இதெல்லாம் நடந்தது போன வருசம். திரும்பி வந்து ரெண்டு கிழமைக்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போனேன். கார் வளவில் நின்றது. கதவில் நாலு வரிக்குக் கீழே பெயின்ற் காயாத அஞ்சாவது வரி ஒன்று இருந்தது.

கட்டை: லொறிக்காரர்

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹாண்ட் பிரேக் இருந்த இடம் ஓட்டையாகவே இருந்தது.

"என்ன அண்ணை, இன்னும் பூட்டேல்லையே? அடுத்த முறையும் மலைக்குத்தானே போறம்."

அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே சொன்னார். "அதைப் பூட்டினால் பிறகு நீர் என்னத்துக்கு வாறீர்?"

லொறிக்கு வேறு கட்டை செய்துவிட்டேன். அந்தப் பழைய கட்டை என் சீற்றுக்குப் பின்னால், கருவாட்டு மணம் படாமல், நான் உடுக்கிற ஒரு நல்ல சாரத்தில் சுற்றியபடி இருக்கிறது.