கேரட் வேண்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

கனவு காண்கிறவன் கையில் கீபோர்டைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டரே சாட்சி.

அப்போது செல்போனில் பேச மட்டும்தான் முடியும். நான் விருதுநகரிலிருந்து வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கிரிஜாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். கெலமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் கன்னடம். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவள் அப்பா மட்டும் சரி என்று சொல்ல வேண்டும்.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்னு சொல்லி வெச்சிருக்கேன். மானத்தக் காப்பாத்துங்க" என்றாள். என் ஞானம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த பிரவுசிங் சென்டருக்கு மகளோடு வந்து சேர்ந்தார் அவள் அப்பா முனிராஜப்பா. நலம் விசாரித்த கையோடு பரீட்சை.

"தம்பி, தோட்டத்துல கேரட் தழையெல்லாம் கருகுது. இந்தப் பொட்டி மருந்து சொல்லுமாமே. பார்த்துச் சொல்லுங்க."

தேடினேன். ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தது. மேலே கருகிய தழையின் படம், மருந்து அடியில் எங்கோ. பக்கத்து நாற்காலியில் கிரிஜா. அவள் தலையில் இருந்த ரோஜாவிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. என் கண் அங்கே போக, விரல் மேல்வரிசையில் ஏதோ ஒரு பட்டனில் விழுந்தது.

திரையில் ஒரு பெட்டி இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டது. எனக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை: 'கேரட் பிரவுசிங்'. (ஸ்பெல்லிங் கொஞ்சம் இடித்தது. வெளிநாட்டில் அப்படி எழுதுவார்கள் போல என்று விட்டுவிட்டேன்.)

"பார்த்தீங்களா ஐயா, நாம தேடறது அதுக்கே தெரிஞ்சிருச்சு. கேரட் வேணுமானு கேக்குது."

"வேணும்னு சொல்லுங்க" என்றார் அவர் பயபக்தியோடு. சொன்னேன்.

உடனே பக்கத்தின் உச்சியில் ஒரு சின்னக் கோடு முளைத்து மினுங்கியது. அந்தக் கோட்டுக்குத்தான் இங்கிலீஷில் கேரட் என்று பெயராம். அதை வைத்துப் பக்கத்துக்குள் ஊர்ந்து போகும் வசதியை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு மவுஸ் வேறு மக்கர். அம்புக்குறிப் பட்டனை அழுத்தினால் பக்கம் இறங்கவில்லை, கோடுதான் நகர்ந்தது.

"தள்ளுங்க தம்பி."

"தள்ளிட்டுதாங்க ஐயா இருக்கேன்."

கோடு ஒரு விளம்பரத்தில் முட்டிக்கொண்டு, போன வழியே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன். அது மினுங்கும், மறையும், மினுங்கும். பார்க்கப் பார்க்க எனக்குச் சொக்கியது. கெலமங்கலத்துப் பனியில் ஒரு வரப்பு, அதில் வார்த்தை வார்த்தையாக நான் நடக்கிறேன், அந்தக் கடைசியில் கிரிஜா நிற்கிறாள், வரப்பு முடியவே மாட்டேன் என்கிறது. முனிராஜப்பா மகள் பக்கம் குனிந்து, "இவரிகெ பருத்தா?" என்று கேட்டது எங்கிருந்தோ காதில் விழுந்தது. (இவருக்கு இதெல்லாம் வருமா என்று அர்த்தம். அந்த அளவு கன்னடம் எனக்கு வரும்.)

"பருத்தெ, பருத்தெ" என்றாள் கிரிஜா. குரலில் உயிரே இல்லை.

அப்போது கரண்ட் போனது. இருட்டுத் திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன் தம்பி" என்று எழுந்து போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வெட்கத்தைவிட, அவளை இழந்துவிட்டேன் என்பதுதான் வலித்தது.

மறுநாள் கேன்டீனில் கிரிஜா எதிரே வந்து உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் டீயைச் சிந்தினாள்.

"அப்பா சொல்றாரு, அந்தத் தம்பிக்குக் கம்ப்யூட்டர் சுத்தமா வராதாம். ஆனா அவ்ளோ நேரம் மூஞ்சச் சுளிக்காம, பொட்டியத் தட்டாம, ஒரு கோட்டப் போட்டுத் தள்ளினாரே, உங்கூடவும் காலத்தத் தள்ளிருவாருன்னு."

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யாராவது, "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கிரிஜாவின் பதில் வந்துவிடும்.

"தள்ளிட்டு இருக்காரு."