ரம்மி டீச்சரின் சாமிச் சீட்டு

ஐந்து வயதுக் குழந்தையிடம் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு, அந்தக் குழந்தையோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த பெரிய மனுஷி தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் புதுச்சத்திரத்தில் என் முட்டைக் கடைக்கு எதிர்வீட்டில் இருந்தார். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தெருவுக்கு அவர் ரம்மி டீச்சர்.

டீச்சர் வேலைக்கு அவர் எங்கும் போனதில்லை. வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஊரில் இருக்கும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ரம்மி ஆடுவார்கள். அவர் கிளம்பியதும் இந்த அம்மாவுக்குக் கை ஊறும். கூட ஆட ஆள் கிடைக்காமல், கடைசியில் தெருக் குழந்தைகளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

அவர் சீட்டில் ராஜா, ராணிக்குப் பதில் எழுத்துகள்: மு, ரு, க, ன். ஆளுக்கு ஏழு சீட்டு. ஒன்றை எடுத்து, வேண்டாததைக் கீழே போட்டு, ஒரு சொல் சேர்ந்ததும் 'டிக்' என்று விரிக்க வேண்டும். ஃ தான் ஜோக்கர்; இல்லாத எழுத்தின் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் தெரியாத எழுத்துக்கெல்லாம் ஃ போட்டுவிட்டு வந்து, "அங்க ஜோக்கர் செல்லாதுங்களாமா" என்று அழுதான்.

சீட்டுகளைப் பழைய காலண்டர் அட்டையில் வெட்டியிருந்தார். அட்டை தடிமன் என்பதால் முறத்தில் போட்டுப் புடைத்துத்தான் கலைப்பார். தோற்றால் முறத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த அழகைப் பார்க்கவே குழந்தைகள் வெறி பிடித்து எழுத்துப் படித்தார்கள்.

"சின்னக் குழந்தைங்க அக்கா, விட்டுக்குடுத்தா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு அஞ்சு வயசுன்னா எனக்கு மட்டும் வயசாகலீங்களா முட்டைக்காரரே? எனக்கு ஆரு விட்டுக்குடுக்கறா?"

எங்கள் பாப்பாவும் அங்கேதான் போனாள். அவளுக்கு 'அ அம்மா, ஆ ஆடு' பாட்டு தலைகீழாகத் தெரியும். ஆட்டின் படத்தைக் கையால் மறைத்தால் எழுத்து தெரியாது. "பாட்டு நல்லா வருதுங்க, எழுத்துத்தான் ஒண்ணும் வரலைங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று யாராவது கேட்டால், கடைக்கு ஆள் வந்ததுபோல் எழுந்து போய்விடுவேன். அவளும் என்னைப் போல் எழுந்து போகிறவளாக ஆகிவிடுவாளோ என்று முருகனிடம் தினமும் முறையிட்டேன்.

ரம்மி டீச்சரிடமும் முறையிட்டேன். "நீங்களும் கூட உக்காந்து ஆடுங்க. உங்களைப் பார்த்தா அவளுக்குத் தெம்பு வரும்" என்றார்.

அதில்தான் சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் லாரி ஷெட்டில் சீட்டே கதியென்று கிடந்தவன் நான். இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று மலைமேல் சூடம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் பெண் கொடுத்தார்கள்.

அந்த அம்மா ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார். காலண்டர் அட்டை அல்லவா, பின்பக்கம் முருகனின் வேல் பாதி இருந்தது. இன்னொன்றில் மகாலட்சுமியின் பாதம். "இது சீட்டா, சாமி படமா? சாமி படத்தைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனீங்களா?"

இல்லை என்பதால் உட்கார்ந்தேன். பாப்பாவுக்கு நேர் எதிரே டீச்சரே இடம் காட்டினார்.

சாமி படத்தைச் சும்மா எடுக்க எனக்கு மனம் வராது. ஒவ்வொரு சீட்டையும் எடுக்கும்போது கண்ணை மூடி, படம் இருக்கும் பக்கத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டுதான் மற்றதோடு சேர்ப்பேன். தோற்றேன். மறுநாளும் தோற்றேன். மூக்கு ஒழுகும் பொடியன்களிடமெல்லாம் தோற்றேன். வாசலில் நின்று பார்த்த என் வீட்டுக்காரிதான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, நீங்க சாமியக் கண்ணுல ஒத்தறப்ப எழுத்துப் பக்கம் ஊருக்கே தெரியுதுங்க."

"தெரிஞ்சா தெரியட்டும். ஆட்டத்துக்காகச் சாமியை உட முடியுமா?" என்றேன் வீறாப்பாக.

மார்கழியில் ஒரு சாயங்காலம். டீச்சர் ஒரே ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தார். ஜெயிக்கப்போகும்போது அவருக்குக் காது ஆடும். நான் ஒரு சீட்டை எடுத்தேன். பின்னால் மயில் தோகை. முருகா என்று கண்களில் ஒற்றிக்கொண்டு கொஞ்சம் கூடுதல் நேரம் அப்படியே இருந்துவிட்டேன். இருட்டுக்குள் பாப்பாவின் குரல் கேட்டது.

"அப்பா, அந்த டை-யைக் கீழ போடுங்க. எனக்கு வேணும்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. அந்த எழுத்துக்குப் பாட்டு கிடையாது, பக்கத்தில் ஆடும் கிடையாது. தினமும் என் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்தே பெண் படித்திருக்கிறாள். சீட்டைத் தடவிக் கீழே போட்டேன். பாப்பா எடுத்து விரித்தாள்: மு, ட், டை. டிக்.

முட்டை வியாபாரி கையில் இருந்த டை அவனுக்கு உதவவில்லை என்று தெரு சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

முறம் கவிழ்ந்தது. "அப்பனும் மவளும் கூட்டுக் களவாணிங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் எங்கள் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டைக்கு மட்டும் ஆள் அனுப்பினார்.

என்னை அவளுக்கு நேர் எதிரே உட்கார வைத்தவர் யார் என்பது எனக்கு உறைக்கவே அதற்கப்புறம் பல மாதம் ஆயிற்று. அதற்குள் அவர்கள் கெங்கவல்லிப் பக்கம் குடிபோய்விட்டார்கள். எப்போதாவது போன் வரும். "அந்தக் களவாணிகிட்டக் குடுக்காதீங்க" என்பார். அப்புறம் அரைமணி நேரம் அவளைப் பற்றியே விசாரிப்பார்.

விளக்கு வைக்கும்போது நான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்: முருகா, அந்த ஊரிலும் அந்த அம்மா நிறையக் குழந்தைகளிடம் தோற்க வேண்டும்.