ராசியான கையும் பதினான்காம் பக்கமும்

மூன்றாம் மாடியில் காலை எட்டரைக்கே கூட்டம் நெரிந்தது. லிஃப்டில் இடம் கிடைக்காதவர்கள் படியேறி வந்தார்கள். ஒருவர் கையில் உயிர்போன லேப்டாப், இன்னொருவர் கையில் பிரிண்டர். கணக்குப் பிரிவுக்காரர் சுவர்க் கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் மின்சித்தரின் தரிசனத்துக்காக. செத்த மானிட்டரைத் தொடாமலே எழுப்புகிறவராம். கடிகாரத்துக்கு பாட்டரி மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்தி வந்துவிட்டால் பாட்டரி எதற்கு?

அது கட்டிட வரைபடம் போடும் அலுவலகம். சேர்ந்து ஐந்து மாதமான பெண்ணை எல்லோரும் பிளான் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் மாதம் முடிந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். லேப்டாப்பின் சின்னத் திரையில் கோடு கோடாக வரைந்து கண் பூத்துப்போகிறது என்று அவள் கேட்டு வாங்கிய பெரிய மானிட்டர்தான் வம்பை ஆரம்பித்தது. தினமும் அவள்தான் முதலில் வருவாள். சுவர் ஸ்விட்சைப் போட்ட கையோடு லேப்டாப்பையும் முடுக்குவாள். லேப்டாப் எழுந்துவிடும். மானிட்டரோ ‘இணைப்பு இல்லை’ என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கறுத்துப்போகும். வயரைப் பிடுங்கிச் செருகி அரை மணி நேரம் மல்லுக்கட்டினால்தான் வழிக்கு வரும்.

மேலாளர் நல்ல மனிதர். யோசிப்பது ஒன்றைத் தவிர எந்த வேலைக்கும் அஞ்சாதவர். மின்சித்தரை அவர்தான் அழைத்து வந்தார். சித்தர் மானிட்டரை மூன்று சுற்றுச் சுற்றினார். சிவப்புப் பட்டில் பொதிந்த ஏட்டை லேசாகத் திறந்து, மூக்கருகே பிடித்து முணுமுணுத்தார். குற்றம் மானிட்டரில் இல்லை, வயரிலும் இல்லை, பிளான் அக்காவின் கையில் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. அது பீடை பிடித்த கை. மேலாளருடையதோ ராசியான கை. இனி மேலாளரே ஸ்விட்சைப் போட்டு, கண்ணை மூடி நூறு வரை எண்ணி, அதற்குப் பிறகே லேப்டாப்பைத் தொட வேண்டும்.

மேலாளர் அப்படியே செய்தார். மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. அவருக்குப் புல்லரித்துவிட்டது. தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உறையில் காணிக்கை வைத்துக் கொடுத்ததும் அதே கைதான்.

பிளான் அக்காவுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. பழைய கோப்புகள் கிடக்கும் கீழ்த்தள அறைக்கு அவளை அனுப்ப முடிவாகிவிட்டது. நிரந்தரம் பற்றிக் கேட்டதற்கு மேலாளர் முகத்தைப் பார்க்காமலே, கை சரியாகட்டும், பார்க்கலாம் என்றார். நேற்றுவரை அவள் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டு எடுத்துத் தின்றவர்கள், இன்று அவள் நீட்டிய பேனாவை வாங்கத் தயங்கினார்கள்.

தன் சாமான்களோடு கீழே போனவளுக்கு, மானிட்டர் வந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அடியில் ஒரு சின்னப் புத்தகம், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் கிடந்தது. கிழித்தாள். படித்துக்கொண்டே போனவள் பதினான்காம் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் காலைதான் மேலே சொன்ன கூட்டம். மேலாளர் ஸ்விட்சில் கை வைக்கப் போகும் நேரத்தில் அவள் உள்ளே வந்தாள்.

“சார், ஒரே ஒரு தடவை எண்ணாம போடுங்க. ராசியான கைதானே, எதுக்கு எண்ணிக்கிட்டு?”

இத்தனை பேருக்கு முன்னால் தன் கையைத் தானே சந்தேகிக்க முடியுமா? மேலாளர் ஸ்விட்சையும் லேப்டாப்பையும் ஒன்றாக முடுக்கினார். ‘இணைப்பு இல்லை’ என்றது மானிட்டர். கறுத்தது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பீடை பிடித்த கையால் அவள் ஸ்விட்சைப் போட்டாள். கண்ணை மூடவில்லை. மானிட்டரின் மூலையில் இருந்த விளக்கு நிலையாக எரியும்வரை நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு லேப்டாப்பைத் தொட்டாள். மானிட்டர் முழுக்க வெளிச்சம் பரவியது. மூன்று தடவை செய்து காட்டினாள். மூன்று தடவையும் எரிந்தது.

சித்தர் தொண்டையைக் கனைத்தார். தன் சக்தி அறையில் தங்கியிருப்பதால்தான் எரிகிறது என்றார்.

“சார் போட்டப்ப அந்தச் சக்தி டீ குடிக்கப் போயிருந்துச்சா?” என்றாள் பிளான் அக்கா. மேலாளரிடம் திரும்பினாள். “ஏட்டுல என்னதான் இருக்குன்னு பாத்துடலாம் சார். உங்க கைதான் ராசியான கை, நீங்களே பிரிங்க.”

சித்தர் ஏட்டை இடுப்பில் செருகப் பார்த்தார். மேலாளர் பிடுங்கிவிட்டார். பட்டை உரித்தால் உள்ளே இருந்தது அதே வகை மானிட்டரின் விளக்கப் புத்தகம். பதினான்காம் பக்கம் மடித்து வைத்திருந்தது: முதலில் மானிட்டரை இயக்கவும், விளக்கு நிலையாக எரிந்த பின் கணினியை இயக்கவும். மானிட்டர் சோம்பல் முறித்து எழ நேரமாகும். லேப்டாப் அவசரக்காரன், ஒருமுறை தேடிவிட்டு, இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. நூறு வரை எண்ணியதன் மகிமை இவ்வளவுதான்.

“நான் முன்னாடி ரிப்பேர் கடையில இருந்தேன்” என்றார் சித்தர் தரையைப் பார்த்தபடி. “அங்கயும் இதையேதான் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கலை. பட்டுல சுத்தினப்புறம்தான் கேட்டாங்க.”

அன்று அந்த அறையில் பேசப்பட்டதிலேயே பெரிய உண்மை அதுதான். சித்தர் படி வழியாக இறங்கிப் போனார். கணக்குப் பிரிவுக்காரர் கடிகாரத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

மேலாளர் அன்றைக்கே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதை நீட்டிக்கொண்டே, “உண்மையிலேயே உன் கைதாம்மா ராசியான கை. இனிமே தினமும் நீயே போடு” என்றார் நெகிழ்ந்துபோய்.

பிளான் அக்கா உத்தரவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“ராசியெல்லாம் வேண்டாம் சார். இன்னைக்கு ராசின்னு சொல்ற வாய் நாளைக்குப் பீடைன்னும் சொல்லும். இது புத்தகத்தோட உறையைக் கிழிச்ச கை, அவ்வளவுதான். உங்க கையாலயும் கிழிக்கலாம்.”