மறைந்த சகாயம்மாள் எழுதுவது

அன்புள்ள பேரன் ஜெனித்துக்கு, பேராவூரணியிலிருந்து உன் அப்பாயி சகாயம்மாள் எழுதிக்கொள்வது. நான் சாகவில்லை. சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் திட்டினால் கட் பண்ணிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். உன் தங்கை பிரின்ஸி இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

சனிக்கிழமை காலையில் நம் வாசலில் நின்றவர்கள்: மாலையோடு நம்ம தோப்பைப் பாத்துக்கிற வீரையன், மாரில் அடித்துக்கொண்டு எதிர்வீட்டுக் காளியம்மாள், மன்னார்குடியிலிருந்து கார் பிடித்து வந்த என் நாத்தனார் மகள் ஷீபா, ஐஸ்பெட்டி எங்கே இறக்கணும் என்று கேட்டுக்கொண்டு வாடகைக்கடை நடராசன். கொல்லையிலிருந்து தென்னைமட்டையை இழுத்துக்கொண்டு வந்த நான், "யாருடி போயிட்டது?" என்றேன். காளியம்மாள் அப்படியே சரிஞ்சுட்டா. வீரையன் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிச்சுக்கிட்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் ஆத்தா"ங்கிறான். சும்மா வர்றவன் சம்பங்கி மாலையோடவா வருவான்?

ஷீபா போனைக் காட்டினாள். நீ செய்த குடும்ப வெப்சைட். என் படம், கீழே 'மறைந்த சகாயம்மாள். பிடித்தவை: சுருட்டு, சீட்டாட்டம்.' அதைப் படிச்சும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரலைன்னா, இந்த ஊரு என்னைப் பத்தி என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்கு?

பிரின்ஸிதான் விளக்கினாள். "ஜாவாஸ்கிரிப்ட்ல கிளாஸ்னா செங்கல் அச்சு மாதிரி அப்பாயி. அண்ணன் முதல்ல தாத்தாவுக்கு ஒரு கிளாஸ் எழுதுச்சு. அப்புறம் 'எக்ஸ்டெண்ட்ஸ்'னு போட்டு அதுலேருந்தே உங்களுக்கு ஒண்ணு. 'மறைந்த', சுருட்டு, சீட்டுன்னு தாத்தாகிட்ட இருக்கிறதெல்லாம் தானா உங்களுக்கும் வந்துடும். வேண்டாததை உங்க கிளாஸ்ல மாத்தி எழுதணும். அண்ணன் பேரையும் படத்தையும் மட்டும் மாத்துச்சு, மத்ததை விட்டுடுச்சு."

ஏண்டா, அந்த மனுஷர் எதைச் சொன்னாலும் நான் மாத்திச் சொல்லித்தானே காலம் தள்ளினேன், அது உனக்குத் தெரியாதா? பதறிப்போய்த் தாத்தாவின் கிளாஸில் 'மறைந்த'வை அழித்துவைக்காதே, அப்புறம் அவர் எழுந்து வந்து சுருட்டுக் கேட்பார். பொதுவாகக் குடும்பத்தார் என்று ஒரு கிளாஸ் எழுது. அதில் பேரும் படமும் போதும். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வருகிறோம். சாவும் சுருட்டும் அவரோடு இருக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன். அழுதவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அவர்களையும் மன்னித்துவிட்டேன். ஆனால் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை வரணுமா இல்லையா? கூடப்பிறந்தவன் ஒருத்தன் திருவாரூரில் இருக்கிறான். ஷீபா கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று பேச்சை நிறுத்தியவன். அத்தனை பேரும் போன பிறகும் பொழுது சாயறவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நூல் வரலை.

என் பேருக்கு முன்னால் இருக்கும் அந்த 'மறைந்த'வை இன்றைக்கே எடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, மாதா துணையிருப்பாள்.

இப்படிக்கு,
மறையாத சகாயம்மாள்

பின்குறிப்பு: திருவாரூர்க்காரன் இன்னும் அந்த வெப்சைட்டைப் பார்க்கவே இல்லையாம், ஷீபா இப்போதுதான் போனில் சொன்னாள். அப்படியென்றால் எதையும் எடுக்காதே, சுருட்டுகூட இருந்துவிட்டுப் போகட்டும். நேரில் போய்க் காட்டச் சொல்லி அவளை அனுப்பியிருக்கிறேன். அவனுக்குப் பிடித்த வாளைமீன் குழம்பும் வைத்தாகிவிட்டது. இதற்கும் வராவிட்டால், செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என் தம்பி அருள்சாமியை.