மருந்து அங்கிள் கொல்லாமல் விட்ட பூச்சி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மருந்து அங்கிள் அளவுக்கு உயிர்களைக் கொன்றவர் வேறு யாரும் இல்லை. கொன்றதெல்லாம் ஆறு கால் உள்ளவை என்பதால் போலீஸ் அவரைப் பிடிக்கவில்லை. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் முப்பது வருஷ வேலை. தெப்ராவ் தொழிற்சாலைகளிலிருந்து ரெங்கம், லாபிஸ் பக்கத்துத் தோட்ட பங்களாக்கள் வரை, முதுகில் மருந்தடிக்கும் பம்பைக் கட்டிக்கொண்டு அவர் நுழையாத கட்டடம் கிடையாது.

தெப்ராவில் எங்கள் பிளாட்டின் ஐந்தாவது மாடியில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் லிஃப்டில் ஏறினால் கொசுக்கள் படிக்கட்டு வழியாக இறங்கும் என்று பிளாட்டில் சொல்வார்கள். கல்யாண விருந்துக்கு அவரை அழைப்பதுதான் ஆபத்து. உட்கார்ந்ததும் மேசை விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்ப்பார். "கரப்பான் இருக்கு. குடும்பத்தோட இருக்கு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் பிரியாணியை ஒரு பிடி பிடிப்பார். மற்ற ஒன்பது பேரும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அவர் மனைவியை நாங்கள் ஆன்ட்டி என்போம். முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். "இவரு வீட்டுக்குள்ள வந்தா எறும்புகூட மூட்ட கட்டிரும் லா" என்று புருஷனைக் கிண்டல் செய்வார். அந்த ஆன்ட்டிக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலையணையில், தரையில், கட்டிலுக்கு அடியில் எல்லாம் முடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அங்கிள் துடைப்பமும் கையுமாகப் பின்னாலேயே அலைந்தார்.

படுத்தே கிடப்பவருக்குப் பார்க்கச் சுவரைத் தவிர வேறு என்ன இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு நாள் பூசணி விதை போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு கூடு மெல்ல நகர்வதை ஆன்ட்டி பார்த்தார். நம் ஊரில் எல்லா வீட்டுக் குளியலறையிலும் இருப்பதுதான். அழுக்கு என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடுவோம். உள்ளே ஒரு சின்னப் புழு இருக்கும். கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் தலையை நீட்டி, வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கிள் பம்பை எடுத்து வந்தார்.

"விடுங்க" என்றார் ஆன்ட்டி. "வாழ்க்க பூரா கொன்னுட்டீங்க. இது ஒண்ணயாச்சும் விடுங்க. என்னா சாப்பிடும் இது?"

"பழைய சிலந்தி வல, துணித் தூசி, முடி."

"முடியா? அப்ப எங்கிட்ட நெறைய இருக்கு. கூட்டாதீங்க."

அங்கிள் துடைப்பத்தைக் கீழே வைத்தார். அது அந்துப்பூச்சியாகி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஆசை. அழகாக இருக்குமா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல லா. நகத்தளவுதான். சாம்பக் கலரு, றெக்கையில நாலஞ்சு கறுப்புப் புள்ளி" என்றார் அங்கிள். சாகக் கிடக்கும் மனைவியிடம்கூட ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆன்ட்டி அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு அந்த அறையை அவர் கூட்டவே இல்லை. அனுதாபம் சொல்ல வந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்துப் போய், மணமேடையில் சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல ஒவ்வொரு கூட்டையும் அறிமுகப்படுத்தினார். காற்றாடியைப் போடவிட மாட்டார். தலைமுறை தலைமுறையாக அதே முடியைத் தின்று அவை பெருகின. காலையில் எண்ணிப் பார்த்த பிறகுதான் கோப்பி கலக்குவார்.

"பதினொண்ணு தம்பி. எல்லாம் அவ முடி தின்னு வளந்தது. இந்தா, இது மேல ஏறி ஒட்டிக்கிச்சு. இனிமே நகராது. ரெண்டு வாரத்துல வெளிய வந்துரும். முன்ன வந்ததெல்லாம் நான் தூங்கறப்ப வந்துருச்சு. அவதான் பாக்கல, நானாவது பாக்கணும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். மணலும் தூசியும் சேர்த்துப் பின்னிய கூட்டிலிருந்து ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்று பிளாட்டில் முடிவு கட்டினார்கள். நானும்தான்.

ஆன்ட்டியின் முதல் வருஷத் திதி வந்தது. அதற்கு முந்தின நாள் காலை அங்கிள் பூவும் வாழையிலையும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருந்தது. "படையல் போடற வீடு இப்படியா கெடக்கும்? நாம கழுவி விட்டுருவோங்க" என்றாள் என் மனைவி கோமதி. சுவரில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஒரு வருஷம் போதும், மனிதர் தெளியட்டும் என்று நினைத்தேன். சுவரையும் கட்டிலுக்கு அடியையும் வேக்குவம் போட்டு இழுத்தேன். திரும்ப வரக்கூடாது என்று, பால்கனியில் தொங்கிய அவர் பம்பையே எடுத்து மருந்தும் அடித்தேன்.

லிஃப்ட் கதவு திறந்ததுமே அவருக்கு வாடை தெரிந்திருக்கும். வாழையிலைக் கட்டோடு அறை வாசலில் வந்து நின்றார். சுவர் பளிச்சென்று இருந்தது.

"எத்தன மூடி ஊத்துன தம்பி?"

"ரெண்டு அங்கிள்."

"ஒண்ணு போதும்" என்றார்.

பிறகு வேக்குவம் பையைப் பிரித்துப் பத்திரிகைத் தாளில் கொட்டினார். மதியம் வரை தூசியைக் கிளறிப் பதினொன்றையும் தேடி எடுத்தார். ஒவ்வொன்றையும் விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. "நல்ல மருந்து" என்றார். கோமதி அழுதுவிட்டாள். மறுநாள் படையல் முடிந்து பந்தியில் என் இலைக்கு ஒரு வடை கூடுதலாக வைத்தார். திட்டியிருந்தால் அதைத் தின்றிருப்பேன்.

கொஞ்ச நாளில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். "இங்க காத்து காஞ்சு கெடக்கு தம்பி. ஈரமும் புழுக்கமும் இல்லாத ஊர்ல அது பொழைக்காது. அங்க உன் சுவத்துல ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு அங்கிள். அலமாரிக்குப் பின்னால." பொய்தான். என் வீட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாராவாரம் விசாரிக்க, நானும் வாராவாரம் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் வெட்கம் தாங்காமல் அலமாரிக்குப் பின்னால் கூட்டுவதை நிறுத்தினேன். கோமதி ஏன் என்று கேட்கவில்லை. சில நாட்களில் அவள் சீப்பிலிருந்து எடுத்த முடி அங்கே சுருண்டு கிடந்தது.

நான்கு மாதம் கழித்து நிஜமாகவே ஒரு கூடு அந்தச் சுவரில் ஊர்ந்தது. நானே போன் போட்டேன். "அங்கிள், இப்ப நெசமாவே வந்திருக்கு. முன்ன சொன்னது பொய்."

"தெரியும் லா" என்றார். "எந்தக் கூடும் ரெண்டு மாசம் ஒரே எடத்துல ஒக்காராது." பிறகு, "கூட்டிறாத தம்பி" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பேசியது மகள். காரியமெல்லாம் அங்கேயே முடித்துவிட்டார்களாம்.

இன்றைக்கும் ஞாயிறுதான். காலையில் அலமாரியை நகர்த்தி எண்ணிவிட்டுத்தான் கோப்பி குடித்தேன். மூணு இருக்கு அங்கிள். ஒண்ணு மேல ஏறி ஒட்டிக்கிச்சு. நான் பாத்துக்கறேன்.