கால்களுக்கு நடுவே போன பந்து

முதல் இன்னிங்ஸிலேயே பந்து வெண்டெல் ப்ரூட்டின் கால்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் இருந்த புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தது. வெண்டெல் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் ஸ்கோர் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு வழியில்லாமல் நிமிர்ந்தார். ‘எர்ரர்’ என்ற கட்டத்தில் ஒன்று எரிந்தது.

வேறொரு நாளாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். சின்னச் சின்ன ஊர் பேஸ்பால் அணிகளில் ‘செகண்ட் பேஸ்’ என்ற இடத்தைக் காத்தே முடி நரைத்தவருக்கு ஒரு எர்ரர் பெரிய விஷயமில்லை. ஆனால் இன்று, நாட்டின் உச்ச அணிகள் ஆடும் மேஜர் லீக்கிலிருந்து ஆள் பொறுக்க ஒருவர் வந்திருந்தார். வைக்கோல் தொப்பியும் தானுமாக, பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அங்கே யாரோ கையை ஒடித்துக்கொண்டாராம், உடனே ஓர் ஆள் வேண்டுமாம். எடுத்தால் மேஜர் லீக். எடுக்காவிட்டால், மனைவி மைராவுக்குக் கொடுத்த வாக்குப்படி, மாமனாரின் கம்பளக் கடை. மாமனார் நம்பிக்கையுள்ள மனிதர். மாப்பிள்ளை பெயரைத் தைத்த கடைச் சட்டையைப் போன கிறிஸ்துமஸுக்கே தயார் செய்துவிட்டார்.

பந்து கையை விட்டுப் போனால் அது அடித்தவனின் சாமர்த்தியமா, விட்டவனின் தப்பா என்று தீர்ப்பு எழுத ஒருவர் உண்டு. அவர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவார். சாமர்த்தியம் என்றால் ஹிட், தப்பு என்றால் எர்ரர். ஆட்டம் முடிந்த பிறகுகூட அவர் தீர்ப்பை மாற்றலாம். அதனால் அவரைக் காக்காய் பிடிக்காத ஆட்டக்காரன் எந்த லீக்கிலும் கிடையாது.

ஆட்டத்தின் நடுவே வெண்டெல் மேலே போக முடியாது. மைதானத்தில் நினைத்த இடத்துக்கெல்லாம் போகக்கூடியவன் லோனி ஒருவன்தான். கார் விற்கும் வேலை போனதால், கூட்டத்துக்கு வேடிக்கை காட்டும் இந்த அணியின் நீர்நாய் வேஷத்துக்குப் போன வாரம் வந்து சேர்ந்தவன். வெண்டெல் அவனை, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டின் ஓரமாக இழுத்தார்.

“லோனி, ஸ்கோர் எழுதறவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா.”

நீர்நாயின் வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. “சொல்லுங்கண்ணே.”

“அது எர்ரர் இல்ல, ஹிட். பந்து கல்லுல பட்டுத் திரும்பிடுச்சு. எவனா இருந்தாலும் பிடிச்சிருக்க முடியாதுன்னு சொல்லு.”

“கல்லா? நான் பார்க்கலையே.”

“இந்தத் தலையை மாட்டிக்கிட்டு நீ எதைத்தான் பார்த்தே? போடா!”

லோனி வாலை ஆட்டிக்கொண்டு போனான். மூன்றாவது இன்னிங்ஸில் திரும்பி வந்தான்.

“சொல்லிட்டேண்ணே. ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாரு. ‘அப்படியா’ன்னு எழுதிக்கிட்டாரு.”

வெண்டெலுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு வந்த பந்தையெல்லாம் பூப்போலப் பிடித்தார்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து டக்அவுட்டுக்கு வந்தவர், ஒரு கை சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டு, பந்து வீசும் ஸ்லோகமின் பக்கத்தில் உட்காரப் போனார். மேனேஜர் பெக் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“உனக்கு அறிவிருக்கா? அங்க போய் உக்கார்றியே!”

“ஏன், என்ன ஆச்சு?”

“வாயை மூடு! கேக்கவும் கூடாது!”

அப்போதுதான் கவனித்தார். ஸ்லோகம் பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் மறுகோடியில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு, ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில்கூட இதைவிடப் பேச்சுச் சத்தம் இருக்கும்.

வெண்டெல் பலகையைப் பார்த்தார். இதுவரை அவர் கண் ‘எர்ரர்’ கட்டத்தை விட்டு நகரவே இல்லை. இப்போது பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார். எதிரணியின் ஹிட்: பூஜ்யம்.

ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடிப்பது ஒரு வீச்சாளருக்கு ஆயுளில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. அது நடந்துகொண்டிருக்கும்போது அவருடன் யாரும் பேசக் கூடாது. அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பந்தே அடி வாங்கும். இதை நம்பாத ஆள் பேஸ்பாலில் இல்லை, படித்தவன் உட்பட.

அந்த முதல் இன்னிங்ஸ் பந்து ஹிட் என்று மாறினால் ஸ்லோகமின் பூஜ்யம் போய்விடும். மாற்றச் சொன்னது யார் என்று தெரிந்தால், அணியே வெண்டெலை உரித்து உப்புத் தடவும். நுணலும் தன் வாயால் கெடும். ஸ்லோகமும் தன்னைப்போலவே ஊர் ஊராக ஆடப்போகும் பேருந்திலேயே வயதானவர் என்பது நினைவுக்கு வந்ததும் வெண்டெல் டக்அவுட் ஓரத்துக்கு ஓடினார்.

“லோனி! ஓடு! அது எர்ரர்தான்னு சொல்லு.”

“அப்ப கல்லு?”

“கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. முழுக்க என் தப்பு.”

“ஏண்ணே திடீர்னு?”

“அதைச் சொல்லக் கூடாது.”

“எதை?”

“எதைச் சொல்லக் கூடாதோ அதை! ஓடுடா!”

ஏழாவது இன்னிங்ஸில் லோனி மூச்சிரைக்க வந்தான். “முன்னாடி சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேக்கறாருண்ணே. நம்பவே மாட்டேங்கறாரு. ‘நல்லாத்தானே ஆடுறான்’ங்கறாரு.”

வெண்டெல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“எனக்குப் பந்து பிடிக்கவே வராதுன்னு சொல்லு. சின்ன வயசுலேருந்தே ஓட்டைக் கை. தரையோட வர்ற பந்துன்னா பயத்துல கண்ணை மூடிக்குவேன். சந்தேகமா இருந்தா எங்க மாமனாரைக் கேட்டுக்கச் சொல்லு.”

“மாமனாரையா?”

“ஆமா! கம்பளக் கடை வச்சிருக்காரு. அங்க வேலைக்குப் போற ஆளுதான் நான்னு சொல்லு!”

எட்டாவது இன்னிங்ஸில் லோனி நிதானமாக நடந்து வந்தான். “இப்ப நம்பிட்டாருண்ணே. ‘அடப்பாவமே’ன்னு தலையில கை வச்சிக்கிட்டாரு.”

“வச்சிக்கட்டும்” என்றார் வெண்டெல் நிம்மதியாக.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். கடைசி ஆள் ஓங்கி அடித்த பந்து தரையோடு சீறி வந்தது. வெண்டெல் வலப்பக்கம் பாய்ந்து விழுந்து பிடித்தார். அடித்தவன் ஓடிச் சேர்வதற்குள், விழுந்த நிலையிலேயே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தார். அவுட்! ஹிட் பூஜ்யம்! மொத்த அணியும் ஸ்லோகமின் மேல் விழுந்தது. ஸ்லோகம் எழுந்து வெண்டெலைக் கட்டிக்கொண்டு அழுதார். வெண்டெலும் அழுதார். அந்தப் பந்தைப் பார்த்த பிறகு தொப்பிக்காரர் வேறு யாரை எடுப்பார்?

பெக் வந்து தோளில் கை போட்டார்.

“வெண்டெல், உன் பக்கத்துல நிக்கற நம்ம ஷார்ட்ஸ்டாப்பைத்தான் கூட்டிட்டுப் போறாங்க.”

“என்னது? கடைசிப் பந்தை அவரு பார்க்கலையா?”

“பார்த்தாரு. முதல்ல உன்னைத்தான் நினைச்சிருந்தாராம். பாதி ஆட்டத்துல மனசு மாறிடுச்சாம்.”

“ஏன்?”

“காரணம் சொல்லலை. கம்பள வியாபாரம் நல்ல தொழில்தான், அவன்கிட்ட மனசைத் தளர விட வேணாம்னு சொல்லுங்கன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலை.”

வெண்டெல் மெதுவாகத் திரும்பினார். நீர்நாய்த் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, லோனி ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“லோனி... நீ மேல கண்ணாடி ரூமுக்குத்தானே போனே?”

“மேலயா? இந்த வாலை வச்சிக்கிட்டு அந்த ஏணியில எப்படிண்ணே ஏறுறது? வலைக்குப் பின்னாடி தொப்பி போட்டுக்கிட்டு ஒவ்வொரு பந்துக்கும் எழுதிக்கிட்டே இருந்தாரே, அவருகிட்டதான் எல்லாத்தையும் சொன்னேன்.”